ஒரே உலை, இரண்டு கல்லறை

சென்னை ராஜதானியில் பணியாற்றிய புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் 1850-ல் கூடி ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். கிறிஸ்தவரான ஒருவர் சாதியை விட்டுவிட்டார் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? வாயால் சொன்னால் போதாது என்று முடிவானது. எந்தச் சாதியார் ஆக்கிய சோறானாலும், எந்தச் சாதியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாலும், முகம் சுளிக்காமல் உண்ண வேண்டும். மறுப்பவர் சாதியை விடாதவர். இதற்காகவே 'அன்பின் விருந்து' என்று பந்தி வைத்தார்கள். யார் வந்தார்கள், யார் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று பார்த்தார்கள். ஜெர்மானிய லைப்சிக் மிஷன் மட்டும் இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சோதனையில் இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பல்லாயிரம் பேர் தினமும் தேறுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் பிற்பகுதியில் கார் ஆலை வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் கைபேசி, மின்னணு ஆலைகள் வந்தன. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. எல்லாவற்றிலும் கேன்டீன் உண்டு. பள்ளம் போட்ட எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், ஒருவர் சோறு போடுவார், அடுத்தவர் சாம்பார் ஊற்றுவார். ஆக்கியவர் யார் என்று எவருக்கும் தெரியாது, காண்டிராக்ட் எடுத்தவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுபவர் விழுப்புரத்துக்காரராக இருக்கலாம், ஒடிசாக்காரராக இருக்கலாம். அரை மணி நேரத்தில் தட்டைக் கழுவப் போட்டுவிட்டு லைனுக்குத் திரும்ப வேண்டும். சாதி பார்க்க நேரமில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தபோது, அவர்களைச் சேர்த்து உட்காரவைத்ததும் ஒரே உலைச் சோறுதான்.

ஆனால் ஷிப்ட் பஸ் அவர்களை எங்கே இறக்கிவிடுகிறது? ஊர் முனையில் சிலரை, காலனி முனையில் சிலரை. வெளியூர்க்காரர் வாடகைக்கு ரூம் கேட்டுப் போனால் அட்வான்ஸ் பேசும் முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வருகிறது. 1850-ன் பரீட்சையில் எல்லாரும் தேறிவிட்டார்கள், சாதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கேள்வித்தாளே தவறோ என்ற ஐயத்தில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

சாப்பாட்டையும் இருக்கையையும் பிடித்துக்கொண்டு திருச்சபை போராடியதற்குக் காரணம் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1706-ல் தொடங்கிய லூத்தரன் மிஷனின் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1733-ல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன் வேளாளர். அதே நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்த ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சி அவருக்குக் கடைசிவரை பட்டம் கொடுக்கவில்லை. இவர்களுக்குப் பின்வந்த ஆங்கிலேய மிஷனரிகள் இதைச் சகிக்கவில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை விட்டார்: சபைக்குள் சாதி உடனே, முற்றாக ஒழிய வேண்டும். வேப்பேரியிலும் தஞ்சையிலும் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அந்தச் சுற்றறிக்கைக்கு நான்கு ஆண்டுகள் முன்பே மிஷனரிகளுக்கு எதிராக எழுதத் தொடங்கியிருந்தார். அவருடைய மனத்தாங்கல்கள் நான்கு. பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள், விழாக்களில் பூ கூடாது என்கிறார்கள், தமிழிசையைத் தடுக்கிறார்கள். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியதை இன்று யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் இல்லாவிட்டால் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இன்றைய கீர்த்தனை மரபு இல்லை. ஆனால் தமிழ்ப் பண்பாடு என்ற அந்த மூட்டைக்குள் சாதி இருக்கையையும் சேர்த்துக் கட்டியதுதான் சிக்கல். இன்றும் சாதியைக் காக்க நினைப்பவர் 'ஊர் வழக்கம்' என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்.

கத்தோலிக்கர் தரப்பில் கதை கல்லிலேயே எழுதப்பட்டது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரண்டு நீண்ட கூடங்கள் கொண்டது. இரண்டும் பீடத்தில் வந்து சேரும், இடையில் சுவர். ஒரு கூடத்தில் பிள்ளைமார், மறு கூடத்தில் நாடார் முதலியோர். பீடத்தில் நிற்கும் குருவை இரு தரப்பும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. மேலிருந்து பார்த்தால் விரித்துப் போட்ட கால்சட்டை போல இருந்ததால் கால்சட்டைக் கோயில் என்றே பெயர் விழுந்தது. 1910-ல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். பிள்ளைமார் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்த வழக்கை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

வடக்கன்குளத்தையும் தஞ்சையையும் மட்டும் வைத்துப் பேசினால் ஒரகடம் பிடிபடாது. செங்கல்பட்டுச் சீமையில் மிஷன்களின் வேலை வேறு முனையில் தொடங்கியது. இங்கே கேள்வி சோறாக இல்லை, நிலமாக இருந்தது. மிராசுதாரர்கள் நிலத்தை மட்டுமா வைத்திருந்தார்கள்? பறையர் குடியிருந்த சேரி நத்தமும் அவர்கள் பிடியில்தான். குடிசை நின்ற இடமே சொந்தமில்லாதவன் கூலி உயர்த்திக் கேட்டால் அன்றிரவே குடிசையைப் பிரிக்க வேண்டிவரும். திருவள்ளூர்ப் பக்கம் ஈக்காட்டிலிருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி, செங்கல்பட்டிலிருந்த ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ ஆகியோர் இதைப் பற்றி அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் விடாமல் எழுதினார்கள். மாவட்டக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுப் பறையர் நிலைமை குறித்து அறிக்கை அளித்தார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லும் நிலத்தின் வேர் அங்கேதான். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய அந்த நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஆண்ட்ரூ குடியேற்றக் கிராமங்களையும் உண்டாக்கினார். அவற்றில் ஒன்று மெல்ரோசாபுரம். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில்தான் இப்போது கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற ஊர்ப்பெயரோடு நம் 'புரம்' வந்து ஒட்டிக்கொண்டது. மிஷனரிகளைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானத்தின் கணக்கும் அவர்கள் மனத்தில் இருந்தது, ஆங்கிலேய அரசின் நிழலும் அவர்களுக்கு இருந்தது. ஆனாலும் மிராசுதாரரின் பந்தியில் பறையருக்கு ஓர் இலை கேட்பதைவிட, மிராசுதாரரை அண்டாமல் பிழைக்க ஒரு காணி கேட்பது பெரிது என்பதைக் கௌடியும் ஆண்ட்ரூவும் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புரிதலைப் பின்னால் வந்த திருச்சபை தொலைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

நிலம் கைமாறியது. 1994-ல் மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் எழுந்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இரண்டு தலித்துகள் இறந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், மற்றவர் பெயர் ஏழுமலை. கோயில் வேறாக இருந்தும் நிலக் கோரிக்கை ஒன்றாக இருந்தது.

நிலத்தில் தொடங்கிய இந்தச் சபைகளின் பின்வரலாறு விசித்திரமானது. மிஷன் சேரிக்குப் போனது, ஆலயம் சேரியிலேயே எழுந்தது, ஊர்க்காரர் வரவே இல்லை. எனவே இங்கே ஆலயத்துக்குள் சுவர் எழுப்ப வேண்டிய தேவை எவருக்கும் வரவில்லை, ஆலயமே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நான்கு மரபுகள் ஒன்றாயின. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சுக்கு 28 ஆண்டுகள் பிடித்தன. உலகமே வியந்த ஒற்றுமை அது. அந்த ஒற்றுமையால் செங்கல்பட்டுச் சேரிச் சபையின் வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாறியது. பக்கத்து ஊரிலிருந்து ஒருவரும் புதிதாக உள்ளே வந்துவிடவில்லை.

வந்தவர்கள் இப்போதுதான் வந்திருக்கிறார்கள். ஆலைகளுக்காக நாகர்கோவில், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இன்ஜினீயர்களாகவும் சூபர்வைசர்களாகவும் இந்தச் சாலையோரம் வீட்டுமனை வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுடைய கார் எங்கே போகிறது என்று பாருங்கள். சில தெரு தள்ளி நூறு வயதுள்ள மிஷன் ஆலயம் இருக்கும். கார் அதைத் தாண்டித் தாம்பரத்துக்குப் போகும், அல்லது மெயின் ரோட்டில் மாடியில் நடக்கும் புதுச் சபைக்குப் போகும். யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாரும் யாரையும் இழிவாகப் பேசவுமில்லை. "அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்ற ஒரு வரி போதுமாக இருக்கிறது. புதுச் சபைகளில் சாதி கேட்பதில்லை என்பதும் உண்மைதான். கல்யாணப் பேச்சு வரும்வரை கேட்பதில்லை.

இப்படித் தாமாகவே பிரிந்துபோவதற்கு முன்மாதிரி தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் 1857-ம் ஆண்டு சினாடு, வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு இசைந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனியாக வழிபடவும் அனுமதித்தது. விதிவிலக்காக நுழைந்தது விதியாகிவிட்டது. 1881-ல் கலப்பினத்தவருக்குத் தனிச் சபை வந்தது, பிறகு கறுப்பர்களுக்கும் தனிச் சபை. ஒரு நூற்றாண்டு கழித்து நிறவெறி அரசு தன் சட்டங்களுக்கு வேதம் தேடியபோது மேற்கோள் தயாராக இருந்தது. அந்தக் கலப்பினச் சபைதான் 1982-ல் பெல்ஹார் அறிக்கையை எழுதி 1986-ல் விசுவாச அறிக்கையாக ஏற்றது. ஒற்றுமை கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும், அநீதி இழைக்கப்பட்டவர் பக்கம் திருச்சபை நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். தாய்ச்சபையான வெள்ளையர் சபை இன்றுவரை அதை முழு விசுவாச அறிக்கையாக ஏற்கவில்லை.

சிலருடைய பலவீனம் என்பதை இங்கே நாம் பதமாக 'ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க' என்று சொல்கிறோம். எறையூரில் அப்படிச் சொல்லிச் சொல்லியே 2008 வந்தது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள அந்த ஊரில் வன்னியக் கத்தோலிக்கரும் தலித் கத்தோலிக்கரும் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். அவமதிப்புப் பொறுக்காமல் தலித்துகள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். மார்ச் 9 அன்று மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. இறந்த இருவரும் வன்னியர். தலித்துகள் தனிப் பங்கு கேட்டதைப் 'பிரிவினை' என்று சிலர் எழுதினார்கள். ஒற்றுமை என்ற சொல்லை வைத்து அடிபட்டவனைக் குற்றவாளியாக்கும் வித்தை இது. பல்லாண்டு பொறுத்தவன் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டால் கதவைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கு வழக்கு இன்னும் நுட்பமானது. தலித் பங்கு மக்களின் புகார்களை வரிசையாகப் பாருங்கள். திருவிழா நிர்வாகத்தில் இடமில்லை, தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறை தனி, திருவிழா வரி எங்களிடம் வாங்குவதில்லை. விஷயம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

அந்த வரிப் புகாரில் கொஞ்சம் நிற்க வேண்டும். உலகத்தில் வரி கட்ட மாட்டேன் என்று போராடியவர்கள் ஏராளம், எங்களிடம் வரி வாங்கு என்று போராடுகிறார்கள் இவர்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டாம். தலைக்கட்டு வரி கொடுத்தவன் ஊர்க்காரன். கணக்கு நோட்டில் அவன் பெயர் இருக்கும். தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், பட்டுவாடா எப்படி, மேளம் யார் என்று பேசும்போது அவனுக்கு வாய் உண்டு. வரி வாங்காமல் விடுவது சலுகை போலத் தோன்றும். உண்மையில் நோட்டில் பெயரை ஏற்ற மறுப்பது அது. அன்பின் விருந்துக்கு எத்தனை முறை கூப்பிட்டாலும் இந்த நோட்டில் ஒரு வரி கூடிவிடாது.

1850-ன் கேள்வித்தாளில் விடுபட்டது இதுதான். சாப்பாடு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதில் யாரும் எதையும் இழப்பதில்லை. கல்லறை, தேர், வரி நோட்டு, பங்குப் பேரவை, பள்ளி நியமனம், திருமணம் ஆகியவற்றில் ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும். ஆலை முதலாளி கேன்டீனில் சாதியைக் கலைத்ததற்குக் காரணம் அங்கே கலைப்பதற்குச் செலவில்லை என்பதே. செலவு பிடிக்கும் இடத்தில் திருச்சபை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதிலேயே எழுதியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி அடங்கும் செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-ல் உருவானபோது அதன் முதல் ஆயரான நீதிநாதன், பேரவையின் தலித் பணிக்குழுவுக்கும் தலைவராக இருந்தவர். 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வழி போட்டார். சென்னைப் பேராயராக இருந்த மாசிலாமணி அசரியா அதைச் சபை நிர்வாகத்துக்குள் கொண்டுவர முயன்றார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில், 2005-ல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, தம் மாணவர்களுக்குப் பறட்டை அண்ணன், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரு உலை என்பது அவருடைய கருத்து. எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் விழ வேண்டும் என்றார். கேன்டீன் உலைக்கும் அப்பாவு உலைக்கும் வித்தியாசம் அங்கே இருக்கிறது. கேன்டீனில் அரிசி முதலாளியுடையது. அப்பாவு உலையில் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். 1950-ம் ஆண்டின் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் வெளியே நிற்கிறார்கள். 1985-ல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைத் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். எனவே பல சேரிச் சபைகளில் ஓர் ஆளுக்கு இரண்டு பெயர். ஞாயிற்றுக்கிழமை ஒன்று, சான்றிதழில் ஒன்று. இந்த அநீதியை எதிர்த்து ஆயர்கள் ஊர்வலம் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு ஏன் சலுகை?' என்று டெல்லி கேட்கும்போது கோட்டப்பாளையத்துக் கல்லறையைச் சாட்சியாகக் காட்டவேண்டி வருகிறது. அந்தச் சாட்சியத்தை உண்டாக்கியது யார் என்று டெல்லி திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

சமரசத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தும் சொல் ஒப்புரவு. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தையே ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கிறிஸ்தவர்கள் உண்டாக்கவில்லை. திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே அது செல்வம் உள்ளவன் அதை ஊருக்குப் பொதுவாக்குவதைப் பற்றியது. கட்டித் தழுவுவதும் கைகுலுக்குவதும் அதில் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் மனம் வருந்துவது, அறிக்கையிடுவது ஆகியவற்றோடு பரிகாரம் செய்வதும் உண்டு. ஆண்டுக்கொருமுறை தலித் விடுதலை ஞாயிறு கொண்டாடி, ஒரு சமபந்தி வைத்து, இரண்டு தரப்பும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதில் பரிகாரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரகடம் சாலையில் இதற்கு நல்ல வாய்ப்பு வாய்த்திருக்கிறது. பழைய சேரிச் சபை, தெற்கத்திப் புதுக் குடும்பங்கள், 'வடக்கன்' என்று எல்லாரும் ஒரே பெயரில் அழைக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் இளைஞர்கள். அந்த இளைஞர்களில் பழங்குடிக் கிறிஸ்தவர்களும் உண்டு. இவர்கள் எவருக்கும் இந்த ஊரில் பழைய வரி நோட்டு இல்லை. புது நோட்டு திறக்கும்போது யார் பெயர் முதலில் ஏறும் என்பதைச் சபைகள் இப்போதே முடிவு செய்யலாம். தாம்பரம் போகும் குடும்பம் அருகிலிருக்கும் ஆலயத்தின் உறுப்பினராகலாம். விருந்தாளியாகப் போவது வேறு. அங்கே கமிட்டித் தலைவர் காலனிக்காரராக இருப்பார், அவர் சொன்ன வேலையைச் செய்யவேண்டி வரும். இடம் மாறிவரும் விசுவாசியிடம், உன் வீட்டுக்கு அருகிலுள்ள சபைக்குப் போ என்று சொல்லப் போதகர்களுக்கு வாய் வர வேண்டும். காணிக்கை குறையும் என்ற பயம் அந்த வாயை அடைக்கிறது.

மறைமாவட்டங்களுக்கும் பேராயங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. புதிய கொள்கை ஆவணம் வேண்டாம், 2016-ல் வந்ததே போதும். ஒவ்வொரு பங்கிலும் சேகரத்திலும் எத்தனை கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன, எவற்றில் யாரைப் புதைப்பதில்லை, தேர் எந்தத் தெருவுக்குப் போவதில்லை, திருவிழா வரி யாரிடம் வாங்குவதில்லை, நிறுவனங்களின் வேலையில் யார் எத்தனை பேர் என்று ஊர் வாரியாகக் கணக்கெடுத்து அச்சிட்டு, ஆலய வாசலில் ஒட்டுங்கள். கணக்கெடுக்கும் குழுவின் தலைமை அந்தக் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டவர்களிடம் இருக்கட்டும்.